செக்கடிப் பாலத்தின் வகை

அக்டோபர் 7, செவ்வாய்

ஓய்வு பெற இன்னும் ஐம்பத்து நான்கு நாள். இந்த நேரத்தில் மற்றவர்களுக்கு அலுவலகத்தில் ஃபைலைக் குறைத்து, வழியனுப்பு விழாவுக்கு மண்டபம் பார்ப்பார்கள். எனக்கு இருபத்து மூன்று பாலங்களைக் கொடுத்திருக்கிறார்கள்.

புதுத் துணைமின் நிலையத்துக்குத் துறைமுகத்திலிருந்து ஒரு டிரான்ஸ்பார்மர் வருகிறது. ஏற்றி வரும் வண்டியோடு சேர்த்து நூற்று எண்பது டன். எந்தப் பாலத்தின் மேல் அதை விடலாம் என்று தெரிய வேண்டும். அதற்காக ஆற்றிலும் இரண்டு வாய்க்கால்களிலும் உள்ள எல்லாப் பாலங்களையும் நேரில் பார்த்து, எது எந்த வகை என்று எழுதித் தர வேண்டுமாம். உதவிக் கோட்டப் பொறியாளர் ஹெலன் மேடம் சொன்னார்: "இந்திராணிம்மா, முப்பத்து மூணு வருஷமா இந்த ஊர்ப் பாலத்தையெல்லாம் வரைஞ்சவங்க நீங்க. உங்களை விட்டா யாரும்மா இருக்கா?"

புகழ்ந்து வேலை வாங்குவது அந்தப் பெண்ணுக்குக் கைவந்த கலை.

வீட்டில் சொன்னேன். என் கணவர் பக்கிரிசாமி முறத்தில் ரேஷன் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "குடை எடுத்துட்டுப் போ" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

ஐந்து பாலம் முடிந்தது.

நடந்து போகிறவனுக்குப் பாலம் என்றால் பாலம்தான். அது எதனால் நிற்கிறது என்று பார்த்தால்தான் வகை தெரியும். இரண்டு கரைக்கும் குறுக்கே ஒரே கனமான கான்கிரீட் பலகை என்றால் அது பாவுப் பாலம். சின்ன வாய்க்காலுக்குப் போதும். பலகைக்கு அடியில் வரிசையாக உத்தரங்கள் ஓடினால் உத்தரப் பாலம். சுமை நேராகக் கீழே தூணில் இறங்கும். வளைவுப் பாலத்தின் கதை வேறு. அது சுமையை இரண்டு பக்கமும் தள்ளும். கரைகள் தோள் கொடுத்தால்தான் நிற்கும். கரை சரிந்தாலோ நடுவில் நாலு கல் விழுந்தாலோ போயிற்று.

எங்கள் அலுவலகத்தில் வகை பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கரையில் நின்று, பக்கவாட்டில் பார்த்து, படிவத்தில் டிக் போடுவது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். கீழே யாரும் இறங்குவதில்லை. புடவை கட்டிக்கொண்டு நான் எங்கே இறங்க?

அக்டோபர் 10, வெள்ளி

ஆற்றின் மேலுள்ள இரும்புப் பாலத்துக்குப் போனோம். முக்கோணம் முக்கோணமாகக் கோத்த சட்டங்கள். ஒரு சட்டம் இழுக்கும், அடுத்தது தாங்கும். முக்கோணத்தை மட்டும் எப்படி அழுத்தினாலும் கோணாது. ஜீப் ஓட்டுநர் குஞ்சிதபாதத்துக்கு இதைச் சொன்னேன்.

"எங்க வூட்லயும் நான், எம் பொண்டாட்டி, மாமியான்னு மூணு பேருதாம்மா. அங்க ஒண்ணும் கோணாம இல்லியே" என்றார்.

ஜீப்பில் வரும்போதெல்லாம் நினைத்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பதினைந்து, பதினாறு முடித்துப் பதினெட்டுக்குப் போனோம்.

"அம்மா, பதினேழ வுட்டுட்டீங்களே. செக்கடிப் பாலம்" என்றார் குஞ்சிதபாதம்.

"திரும்பி வரும்போது பாத்துக்கலாம்" என்றேன்.

திரும்பும்போது மாவு மில்லுக்குப் போக வேண்டியிருந்ததால் புறவழிச்சாலையில் வந்தோம்.

அக்டோபர் 16, வியாழன்

மழை. போகவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மகள் தேன்மொழி ஓசூரிலிருந்து போன் செய்தாள். என்னிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். அப்பாவும் மகளும் அரை மணி நேரம் பேசிச் சிரித்தார்கள். இன்று என்னிடம் அவர் பேசியது ஒரே வாக்கியம். லேகிய டப்பா எங்கே என்று கேட்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

இருபத்திரண்டு பாலம் முடிந்தது. எட்டு பாவு, ஒன்பது உத்தரம், இரண்டு வளைவு, நாலு பக்கமும் கான்கிரீட்டால் ஆன பெட்டிப் பாலம் இரண்டு, ஓர் இரும்புச் சட்டகம். பதினேழு மட்டும் பாக்கி.

ஹெலன் மேடம் பழைய பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "செக்கடிப் பாலம்தாம்மா எல்லாத்திலயும் அகலம். வண்டிய அது வழியாத்தான் விடப்போறோம், நவம்பர் இருபது. இதுல தெளிவா இருக்கு பாருங்க. 'பழைய செங்கல் வளைவு இடிக்கப்பட்டு, புதிய கான்கிரீட் உத்தரப் பாலம் கட்டப்பட்டது.' நேர்ல பாத்தாச்சுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

பதிவேட்டில் அந்த வரிக்கும் படத்துக்கும் கீழே இருந்தது என் கையெழுத்துதான். இருபது வருஷத்துக்கு முந்தையது. இப்போது போடுவதைவிட அழகாக இருந்தது.

திங்கட்கிழமை போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 25, சனி

இதை எழுதாவிட்டால் இந்த நோட்டு எழுதுவதே வீண்.

என் கணவரும் இதே அலுவலகத்தில்தான் சர்வேயராக இருந்தார். அவர் அளந்து வந்ததை நான் வரைவேன். ஒரே டிபன் கேரியரில் இரண்டு பேருக்கும் சாப்பாடு. செக்கடிப் பாலத்தைப் புதிதாகக் கட்டி முடித்தார்கள் என்று பதிவு செய்ய அவரை அனுப்பினார்கள். வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடிய ஆடி மாதம். லாரி டியூபை இடுப்பில் கட்டிக்கொண்டு பாலத்துக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பழசை இடிக்கவே இல்ல. ரெண்டு பக்கமும் உத்தரம் வச்சு அகலப்படுத்தி, மேல தார் போட்டு மூடிட்டாங்க. நடுவுல செங்கல் வளைவு அப்படியே கெடக்கு" என்று எழுதிக் கொடுத்தார்.

அப்போதைய பொறியாளர் வரதராஜுலு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரர் எதையோ பாத்துக் குழம்பியிருக்கார்மா. நீங்க படத்தைச் சரியாப் போட்டுடுங்க" என்றார். நான் கரையில் போய் நின்று பார்த்தேன். பக்கவாட்டில் உத்தரம்தான் தெரிந்தது. உத்தரம் என்று வரைந்தேன்.

என் கணவர் விடவில்லை. மேலிடத்துக்கு எழுதினார். விசாரணை வைத்தார்கள். "உங்க கணவர் எழுதினது சரியா, நீங்க வரைஞ்சது சரியா?" என்று என்னைக் கேட்டார்கள். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகி ஏழு மாதம். தேன்மொழி பத்தாம் வகுப்பு. ராமநாதபுரம் பக்கம் மாற்றிவிடுவார்கள் என்று பயம். "நான் வரைஞ்சதுதான் சார் சரி" என்றேன்.

காணாததைக் கண்டதாக எழுதினார் என்று அவருடைய பணிப் பதிவேட்டில் குறிப்பு ஏறியது. ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். அரிசி ஆலையில் லாரி எடைபோடும் வேலைக்குப் போய்ப் பதினாறு வருஷம் இருந்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் பாலத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை.

கண்ணால் பார்த்ததை நம்பினேன். அது ஒரு குற்றமா?

அக்டோபர் 29, புதன்

செக்கடிப் பாலத்துக்குப் போனேன். கரையில் நின்றேன். அன்றைக்குப் போலவே உத்தரம் தெரிந்தது. அதன் அடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி இருந்தால் அதிகம். உள்ளே ஒரே இருட்டு.

"என்னம்மா, ஒரு மணி நேரமா நிக்கிறீங்க? டிக் போட இம்புட்டு நேரமா?" என்றார் குஞ்சிதபாதம்.

மேலே பள்ளிக்கூட வேன் ஒன்று போனது. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

ஹெலன் மேடம் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார். பாசன முறை மாறும்போது வாய்க்காலில் தண்ணீரை நிறுத்துவார்கள், அப்போது பார்த்துவிடுகிறேன் என்றேன். "எதுக்கும்மா இவ்வளவு?" என்றார்.

இரவு ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

நவம்பர் 8, சனி

நேற்றோடு மதகை அடைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெண்ணிடம் பழைய சுடிதார் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு காலை ஏழு மணிக்குப் போனேன். குஞ்சிதபாதம் என் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை வேப்பமரத்தில் கட்டிவிட்டுத் தானும் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பேரன் பேத்தியெல்லாம் இருக்கும்மா. உங்களுக்கு ஒண்ணுன்னா என்னையத்தான் உள்ள வைப்பாங்க" என்றார். ஐம்பத்தொன்பது முடிந்து அறுபதை நெருங்கும் வயதில், முதல் தடவையாக ஒரு பாலத்துக்கு அடியில் இறங்கினேன்.

தண்ணீர் இடுப்புக்கு மேலே இருந்தது. கால் சேற்றில் முழங்கால்வரை புதைந்தது. குனிந்து முதல் உத்தரத்தைத் தாண்டினேன். இரண்டாவது. மூன்றாவதைத் தாண்டி நிமிர்ந்து டார்ச்சை மேலே அடித்தேன்.

செங்கல். தலைக்கு மேலே முழுக்கச் செங்கல். சுண்ணாம்பு வைத்துக் கட்டிய வளைவு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை. அரசமர வேர் நடுவில் புகுந்து தொங்கியது. உச்சியில் ஏழெட்டுக் கல் இல்லை. நீளவாக்கில் ஒரு வெடிப்பு; நான்கு விரலை வைத்தேன், உள்ளே போயிற்று. மேலே டவுன் பஸ் போனது. தூள் கொட்டிக் கண்ணில் விழுந்தது.

அந்த இருட்டில் நின்று அழுதேன். பயத்தில் இல்லை. வெட்கத்தில்.

டேப் வைத்து அளந்தேன். பதினாறு படம் எடுத்தேன். குஞ்சிதபாதம் மேலேயிருந்து, "என்ன வகைம்மா?" என்று கத்தினார். "வளைவு" என்று கத்தினேன்.

சுடிதாரை மூன்று தண்ணீரில் அலசினேன். தோளில் சிவப்பும் வெள்ளையுமாக அப்பியிருந்தது போகவில்லை. அது எத்தனை சோப்புக்கும் போகாது. எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

ஹெலன் மேடம் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். வண்டியின் சக்கரம் ஓடப்போவது சரியாக அந்த நடுப்பகுதியில்தான்.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இந்திராணிம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. பழைய படம் தப்புன்னு நீங்க எழுதினீங்கன்னா அது உங்க கையெழுத்து. முப்பதாம் தேதி உங்களை வெளிய விடமாட்டாங்க. தற்காலிகப் பணிநீக்கம் பண்ணி உக்கார வச்சுடுவாங்க, விசாரணை முடிய எத்தனை வருஷமோ. 'சந்தேகத்துக்குரியது, மேலாய்வு தேவை'ன்னு ஒரு வரி எழுதுங்க. அது போதும் எனக்கு. வண்டிய வேற வழியாத் திருப்பிடறேன், பாலத்துல கனரக வாகனத்தையும் நிறுத்திடறேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

நல்ல பெண். எனக்கு நல்லதைத்தான் நினைத்தாள். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டில் காபியை என் கணவர் முன்னால் வைத்துவிட்டு நின்றேன்.

"செக்கடிப் பாலத்துக்கு அடியில போனேங்க."

காபியை எடுக்கவில்லை. "தண்ணி எவ்வளவு இருந்துச்சு?" என்றார்.

"இடுப்புக்கு மேல."

"உனக்கு நீச்சல் தெரியாதே."

"குஞ்சிதபாதம் கயிறு புடிச்சுக்கிட்டாரு. நீங்க சொன்னது சரிதாங்க. வளைவு இருக்கு."

"இருக்குன்னு எனக்குத் தெரியும். உனக்கு எதுக்கு நான் சொல்லணும்?" பிறகு குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கு நீ என்கிட்ட, 'வாங்க, வந்து காட்டுங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே கைபுடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே இந்திரா."

இருபது வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"எழுதிக் குடுத்துட்டியா?" என்றார்.

"குடுத்துட்டேன்."

"என்னான்னு?"

"மேலாய்வு தேவைன்னு."

அவர் தலையாட்டிக்கொண்டார். ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்தார்.

நவம்பர் 12, புதன்

மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

கொடுத்துவிட்டேன். நான்கு வரிதான். பதினேழாம் எண் செக்கடிப் பாலம் இரண்டு பக்கமும் உத்தரம் சேர்த்து அகலப்படுத்தப்பட்ட செங்கல் வளைவுப் பாலம். அதை உத்தரப் பாலம் என்று நான் வரைந்தது தவறு. அன்றைய சர்வேயர் திரு. பக்கிரிசாமி எழுதியதே சரி. அவர்மீதுள்ள குறிப்பை நீக்க வேண்டுகிறேன்.

ஹெலன் மேடம் படித்துவிட்டு, "ஏம்மா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

"வண்டியத் திருப்பிட்டீங்க மேடம். அவர் பேரை யாரும் திருப்பலியே" என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

டிரான்ஸ்பார்மர் வண்டி புறவழிச்சாலை வழியாக, ஒன்பதாம் எண் பாலத்தில் ஏறிப் போயிற்று. அது நல்ல உத்தரப் பாலம். ஊரே வேடிக்கை பார்த்தது. நான் போகவில்லை. விசாரணைக்கு வரச்சொல்லி எங்கள் இருவர் பெயருக்கும் தனித்தனியாகக் கடிதம் வந்திருக்கிறது. தபால்காரர் இரண்டையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 27, வியாழன்

விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர். மேசைக்கு எதிரே எங்களைப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். படங்களைப் பார்த்தார், பழைய பதிவேட்டைப் பார்த்தார். பாலத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. என்னைப் பற்றித்தான் இருந்தது.

அவரைப் பார்த்துக் கேட்டார்: "பக்கிரிசாமி சார், ஒரே கேள்விதான். தப்புன்னு தெரிஞ்சே உங்க மனைவி வரைஞ்சாங்களா, தெரியாம வரைஞ்சாங்களா? தெரியாமன்னா கவனக்குறைவு. சின்னத் தண்டனையோட விட்டுடலாம், முப்பது ஞாயித்துக்கிழமைங்கறதால நாளைக்கே ஓய்வுல போகலாம். தெரிஞ்சேன்னா வேற."

இருபது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டார்கள். அவரைப் பற்றி. அவர் எப்படிப் பதில் சொன்னாலும் அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மேசையில் கிடந்த படங்களைத் தள்ளி வைத்தார். "அவங்க கீழ எறங்கல சார். எறங்காதவங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாமத்தான் வரைஞ்சாங்க" என்றார்.

அதிகாரி எழுத ஆரம்பித்தார். பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்தால் நாளை சாயங்காலம் மாலையோடு வீட்டுக்குப் போகலாம். அவரே கொடுத்த விடுதலை. அதைவிட, அவர் என்னை அப்படி நம்பிக்கொண்டே இருந்துவிடலாம்.

"எனக்குத் தெரியும் சார்" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"அன்னிக்கு அவர் பாலத்துக்கு அடியிலேருந்து வந்து கழட்டிப் போட்ட சட்டையத் துவைச்சது நான்தான். தோள்ல செங்கல் தூளும் சுண்ணாம்பும் அப்பியிருந்துச்சு. கான்கிரீட் உத்தரத்துல ஒரசினா அந்தக் கறை வராது. கல்லுல வச்சுத் தேய்ச்சேன், போகல. படத்தை நான் வரைஞ்சது அதுக்கு மறுநாள்."

"அந்தச் சட்டை எங்க?" என்று கேட்டது அதிகாரி இல்லை. அவர்.

"எரிச்சுட்டேன்" என்றேன்.

அதிகாரி தான் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். கையெழுத்துப் போட்டேன். அவர்மீதுள்ள குறிப்பு நீக்கப்படும், அதற்கான ஆணை அவர் வீட்டு முகவரிக்கே வரும் என்றார். எனக்கு ஓய்வு இல்லை. நாளை முதல் தற்காலிகப் பணிநீக்கம்.

வெளியே வந்து பஸ் ஏறினோம். எனக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அவருக்கு இரண்டு முழங்காலும் வலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.